கட்டுப்படாத பங்காளி: தோட்டப்புறச் சிறுவர், இளைஞர் சேவைகளின் ஒருங்கிணைப்பும் பிரதேச சபையும்

1. பொருளும் எல்லையும்

மலைநாட்டு ரயில் பாதையில் வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே வரும் சிறு நிலையம் றொசல்ல. கினிகத்தேனையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் ஏ7 வீதியும் இவ்வழியாகவே செல்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டமும் சில பிரிவுகளாகவும், ஒவ்வொரு பிரிவும் சில லயங்களாகவும் பிரிந்து கிடக்கிறது. இந்த லயங்களில் வளரும் பிள்ளைகளுக்கான சேவைகளை யார் யார் வழங்குகிறார்கள், அவர்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு சட்டப்படி யாருக்கு இருக்கிறது, உள்ளூராட்சிக்கு அதில் என்ன இடம் என்பவை இக்கட்டுரையின் கேள்விகள். றொசல்லவுக்குப் பதிலாக நோர்வூட்டையோ அக்கரப்பத்தனையையோ எடுத்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிராது. ஆனால் ஓர் இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் அலுவலகங்களுக்கு இடையிலான தூரம் தெரிகிறது.

தோட்டத்தில் சேவை இல்லை, உத்தியோகத்தர் இல்லை என்பது வழக்கமான குறை. அது பாதி உண்மைதான். உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், குழுக்களும் இருக்கின்றன. ஆனால் பிள்ளை வாழும் நிலத்தையும் வீட்டையும் பாதையையும் கையில் வைத்திருக்கும் தோட்ட நிர்வாகம் அந்தக் குழுக்களுக்குச் சட்டப்படி கட்டுப்பட்டதாக இல்லை. மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபைக்கு அவற்றைக் கூட்டும் பொறுப்பும் இல்லை. ஒருங்கிணைப்பு குலைவது இந்த இரண்டு இடங்களில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. ஒரு பிள்ளை, பல வாசல்கள்

றொசல்லத் தோட்டமொன்றில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்கிறாள். அதன் இன்றைய அலுவலகப் பெயர் சிறுவர் அபிவிருத்தி நிலையம். கட்டடமும் பராமரிப்பாளரின் சம்பளமும் தோட்டத்தைச் சேர்ந்தவை. பயிற்சியும் மேற்பார்வையும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துடையவை. தோட்டத்து மக்கள் இந்த நிதியத்தை இன்றும் ‘ட்ரஸ்ட்’ என்றே சொல்கிறார்கள். பிள்ளையின் நிறையைப் பார்ப்பதும் தடுப்பூசியைப் பதிவதும் குடும்பநல உத்தியோகத்தரின் வேலை. அவர் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். முன்பள்ளியைக் கவனிக்கும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார். சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உத்தியோகத்தரும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள், ஆனால் வேறு வேறு தலைமையகங்களுக்கு அறிக்கை அனுப்புகிறார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தின் ஆள். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்தின் கைக்கு வந்தன.

பிள்ளை ஆறாவது வயதை நெருங்கும்போது ஹற்றன் கல்வி வலயம் சேர்ந்துகொள்கிறது. அடி உதை, துஷ்பிரயோகம் என்று ஏதேனும் நடந்துவிட்டால் வட்டவளைப் பொலிஸ், ஹற்றன் நீதவான் நீதிமன்றம், டிக்கோயா ஆதார வைத்தியசாலை என்று வாசல்கள் கூடுகின்றன. பிரதேச செயலகம் கினிகத்தேனையில் இருக்கிறது, மாகாணத் தலைமையகங்கள் கண்டியில் இருக்கின்றன. இந்த வாசல்களை ஏறி இறங்க வேண்டியவர் பெரும்பாலும் ஒரு தாய். ஒவ்வொரு வாசலுக்கும் அவள் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறாள்.

அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவில் 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். அதே கணக்கெடுப்பில் 5,000 பேரைக்கூட எட்டாத நெடுந்தீவுக்கும் ஒரு பிரதேச செயலகம் உண்டு. தீவுக்குத் தனிச் செயலகம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பிரிவுக்கு இத்தனை பேர் என்று உத்தியோகத்தர்களை நியமிக்கும்போது அம்பகமுவவில் ஒருவரின் தோளில் எத்தனை பிள்ளைகள் விழுகிறார்கள் என்பதை இந்த ஒப்பீடு காட்டும். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகங்களைப் பத்தாக்கும் முடிவு 2019இல் வர்த்தமானியில் வந்தது. நோர்வூட்டும் தலவாக்கலையும் அதில் அடங்கும். பெயர்ப்பலகை மாட்டிய வேகத்தில் ஆளணி வந்து சேரவில்லை. தமிழில் பேசிக் குறிப்பெழுதக்கூடிய உத்தியோகத்தர் பற்றாக்குறை இதோடு சேர்ந்துகொள்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் வாய்மொழி வேறொருவர் வழியாகக் கோப்புக்குள் போகும்போது எது சிந்துகிறது என்பது நீதிமன்றத்தில்தான் தெரியவரும்.

3. தோட்டம் தனி ஆட்சியாக இருந்த காலம்

இந்த அமைப்பு இப்படி அமைந்ததற்கு நீண்ட காரணம் உண்டு. பிரித்தானியர் காலத்தில் தொழிலாளியின் பிறப்பு, நோய், பிள்ளை, கல்வி, சாவு எல்லாமே தோட்டத் துரையின் நிர்வாகத்துக்குள் அடங்கின. 1907இன் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. அரசாங்கம் பரிசோதகரை அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டது. கிராமத்துக்குக் கிராமச் சங்கம் இருந்தது, தோட்டத்துக்கு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் இருந்தது. 1937இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத்தில் குடியிருந்த இந்தியத் தொழிலாளர்கள் அதன் வாக்காளர் வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடாளுமன்றக் கதவையும் சாத்தியது. ஆகவே பிள்ளைக்குப் பால்மா இல்லை என்றால் தாய் கேட்கக்கூடிய இடம் கங்காணியும் தோட்டத்து மருந்துச்சாலையும் தொழிற்சங்கத் தலைவரும்தான்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. எண்பதுகளில் சுவீடன் உதவியோடு நடந்த கட்டட வேலைகளும் ஆசிரியர் நியமனங்களும் மலையகக் கல்வியின் முகத்தையே மாற்றின. இன்று தோட்டத்திலிருந்து வந்த ஆசிரியர்களும் அதிபர்களும் பலர். கல்வி மட்டும் இப்படித் தேசிய ஓட்டத்துக்குள் வந்துவிட்டது. பிள்ளைக்காம்பராவும் குடியிருப்பும் தண்ணீரும் தோட்டத்தின் கையிலேயே தங்கின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்கு மாறியபோது இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு நிதியம் உருவாக்கப்பட்டது. அதுவே பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் பெற்றது. அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒருவகையில் நாட்டின் மிகப் பழைய கூட்டு ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. ஆனால் தோட்டத்து வாக்காளர்கள் தெரிவுசெய்த எந்தச் சபைக்கும் அது கணக்குக் காட்டத் தேவையில்லை.

4. முப்பத்து மூன்றாம் பிரிவு

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமத்து மக்களுக்குப் பாதை, கிணறு, நூலகம், விளையாட்டு மைதானம், முன்பள்ளி போன்றவற்றைச் சபையின் பணியாக்கியது. அதன் 33ஆம் பிரிவை நடைமுறையில் விளங்கிக்கொண்ட விதத்தில் தோட்டக் குடியிருப்பு கிராமம் ஆகாது, ஆகவே சபை நிதியை அங்கே செலவிட வழியில்லை. குடியுரிமை கிடைத்து, வாக்களித்து, தங்கள் ஆட்களையே தவிசாளராக்கிய பின்னும் மலையக மக்களின் சபைகள் தங்கள் வாக்காளரின் லயத்துக்கு ஒரு படிக்கட்டுக் கட்டிக் கொடுக்க முடியாமல் நின்றன.

இதில் கவனிக்க வேண்டிய முரண்பாடு ஒன்று உண்டு. நிரந்தரப் பயிர்ச்செய்கை உள்ள காணிகளுக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் அதே சட்டத்தில் சபைக்குத் தரப்பட்டிருந்தது. தோட்டக் காணி வரி விதிக்கத்தக்கது, ஆனால் அதில் குடியிருப்பவர் சேவை பெறத்தக்கவர் அல்லர்! தோட்ட மக்கள் வரி கட்டுவதில்லை என்று சபைக் கூட்டங்களில் எழும் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் தேவையில்லை.

மலையகப் பிரதிநிதிகளின் நீண்ட முயற்சிக்குப் பின் 2018இல் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபையும் 32ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அந்த ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன், அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என மூன்றாகவும், நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என மூன்றாகவும் பிரிக்கப்பட்டன. இரண்டு சபைகள் ஆறாயின. உள்ளூராட்சி வரலாற்றில் மலையகத்துக்கு இதற்கு இணையான ஆண்டு இல்லை.

ஆனால் திருத்தம் தந்தது அதிகாரம். கடமை எதையும் அது விதிக்கவில்லை. சபை விரும்பினால், தோட்டத்தோடு பேசி இணங்கினால், பாதை போடலாம். பிள்ளைகளின் சேவையைச் சபை ஒருங்கிணைக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. காலமும் ஒத்துழைக்கவில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை இரண்டு ஆண்டுக்கு மேல் சபைகள் உறுப்பினர் இன்றிச் செயலாளர்களின் கீழ் நடந்தன. விலைவாசி ஏறி, தோட்டத்துச் சமையலறைகள் வெறுமையானதன் பாதிப்பு நீங்காத காலம் இது.

5. குழுக்களின் அமைப்பு

இலங்கை சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையை 1991இல் ஏற்றது, 1992இல் சிறுவர் பட்டயத்தை வெளியிட்டது. 1998இன் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை நிறுவியது. அதன் 1929 அழைப்பு இலக்கம் தோட்டப் பாடசாலைச் சுவர்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. கீழ்மட்டத்தில் கிராம, பிரதேச, மாவட்டச் சிறுவர் அபிவிருத்திக் குழுக்கள் என்ற ஏணி உண்டு. பிரதேசக் குழுவுக்குப் பிரதேச செயலாளரும் மாவட்டக் குழுவுக்கு மாவட்டச் செயலாளரும் தலைமை. இவற்றோடு பாடசாலையில் சிறுவர் பாதுகாப்புக் குழு, 1998 முதல் கட்டாயக் கல்வி விதிகளின்கீழ் வரவுக் குழு, கழகங்கள், சபைகள்.

காகிதத்தில் குறை சொல்ல முடியாத அமைப்பு. ஆனால் கிராமக் குழுவின் எல்லை கிராம உத்தியோகத்தர் பிரிவு. தோட்டப்புறத்தில் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவு பல தோட்டப் பிரிவுகளை விழுங்கிக்கொண்டிருக்கும். மேல்பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு மலையைச் சுற்றிப் போக வேண்டும். அங்கே வாழ்பவர்களுக்கு ‘ஊர்’ என்பது தங்கள் டிவிசன், அதாவது தோட்டப் பிரிவு. கோயில், திருவிழா, மரண உதவிச் சங்கம், இளைஞர் மன்றம் எல்லாம் டிவிசன் அடிப்படையில் இயங்கும்போது, சிறுவர் குழு மட்டும் யாருக்கும் பழக்கமில்லாத ஓர் எல்லையில் கூடுகிறது.

பிரதேசக் குழுவின் மேசைக்குத் தோட்ட நிர்வாகம் அழைக்கப்படும். அக்கறையுள்ள துரையோ வெல்பெயார் உத்தியோகத்தரோ வருவார்கள், உதவியும் செய்வார்கள். அப்படிப்பட்டவர்களால் நடந்த நல்ல காரியங்கள் பல. ஆனால் அவர் இடமாறிப் போனால் ஏற்பாடும் அவரோடு போய்விடும். வராவிட்டால் கேட்பதற்குச் சட்டம் இல்லை.

இந்தத் துண்டுபட்ட நிலையின் விலையை ஓர் எண் சொல்கிறது. 2016இன் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளவில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். உயரம் குறைவது ஒரு திணைக்களத்தின் தவறால் நேர்வதில்லை. தாயின் இரத்தசோகை, பிள்ளைக்காம்பராவின் மதியச் சாப்பாடு, பீலித் தண்ணீர், கழிப்பறை, சம்பளம், பாலூட்டும் தாய்க்கு மலையிலிருந்து இறங்கி வரக் கிடைக்கும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் அந்த அங்குலங்களைக் குறைக்கின்றன. இவற்றில் குடும்பநல உத்தியோகத்தரின் கையில் இருப்பது தராசும் கார்ட்டும் மட்டுமே.

அலுவலகங்கள் ஒன்றுசேர முடியாதவை என்றும் சொல்வதற்கில்லை. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கையைப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகக்கூடாது என்ற விதியை நிறைவேற்றக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் ஒரே படிவத்தில் ஒப்பமிட்டார்கள். 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. தாயைத் தடுக்க வேண்டுமென்றபோது ஒருங்கிணைப்பு உடனே கைகூடியது. போன தாயின் பிள்ளையைப் பின்தொடர்ந்து பார்க்கும் ஏற்பாட்டில் அந்த உறுதியைக் காணோம்.

6. வெளிநாட்டு அனுபவம்

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டில் சித்திரவதைப்பட்டு இறந்தாள். சமூக சேவைத் துறைகள், பொலிஸ் குழுக்கள், இரண்டு மருத்துவமனைகள் எல்லாமே அவளைக் கண்டிருந்தன. தலையிடக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்று லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003இல் சொன்னது. அதைத் தொடர்ந்து வந்த 2004ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், 10ஆம் பிரிவில், ஒத்துழைப்பை உள்ளூராட்சியின் கடமையாக்கியது. பொலிஸ், சுகாதாரம் முதலிய பங்காளிகளும் அந்த ஒத்துழைப்புக்குக் கட்டுப்பட்டனர். அதன்மேல் கட்டப்பட்ட சிறுவர் கூட்டமைப்புச் சபைகள் 2010இல் சட்டப்படி கட்டாயமாகி, அதே ஆண்டு ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டன. 2017இன் சட்டம் பாதுகாப்புப் பொறுப்பை உள்ளூராட்சி, பொலிஸ், சுகாதாரம் என்ற மூன்று பங்காளிகளின் தோளில் சமமாக வைத்தது. சபைகளின் வடிவம் மாறி மாறி வந்தது, 10ஆம் பிரிவின் கடமை மட்டும் நிலைத்து நின்றது. நமக்குப் பயன்படுவது இந்தப் பாடம்தான். குழுவின் பெயரையும் படிவத்தையும் இறக்குமதி செய்வதில் பயனில்லை.

தமிழ்நாடு நமக்கு அருகில் இருக்கும் உதாரணம். இந்தியாவின் ஒருங்கிணைந்த குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் கிராம அளவிலான குழுவுக்கு ஊராட்சி மன்றத் தலைவரே தலைவராக்கப்பட்டார். அந்தக் குழுக்கள் எல்லா ஊரிலும் உயிரோடு இருக்கின்றன என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் குழு கூடவில்லை என்றால் ஊரார் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது தெளிவு. நம்மிடம் அந்தத் தெளிவு இல்லை. பிரதேச செயலாளரைத் தேர்தலில் யாரும் கேள்வி கேட்க முடியாது.

7. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில்

சிறு பிள்ளைகளுக்காவது தராசும் பிள்ளைக்காம்பராவும் உண்டு. வளர்ந்த பிள்ளைகள் எந்தப் பதிவிலும் இல்லாமல் போகிறார்கள். கட்டாயக் கல்வி வயது 2016இல் 14இலிருந்து 16 ஆனது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது. அதே 2021 ஜூலையில் டயகமைத் தோட்டத்தைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த நிலையில், தீக்காயங்களுடன் மருத்துவமனையில் இறந்தாள். மலையகம் முழுதும் கொதித்தது. விசாரணையும் வழக்கும் அந்த வீட்டைச் சுற்றியே நடந்தன, அது சரியும்கூட. ஆய்வாளனுக்கு எழும் கேள்வி அதற்கு முந்தியது. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தையும் லயத்தையும் விட்டுப் போனால் அதை அறிந்திருக்க வேண்டியவர் யார்? வரவுக் குழுவுக்கு 16 வயதோடு வேலை முடிகிறது. குடும்பநல உத்தியோகத்தரின் கவனம் தாயிலும் சிசுவிலும் இருக்கிறது. தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கழகத்தில் 13 வயதிலேயே சேரலாம், ஆனால் அங்கே சேராதவரைத் தேடிப்போவது கழகத்தின் வேலை இல்லை. புடவைக்கடைக்கும் ஹோட்டலுக்கும் வீட்டுவேலைக்கும் கொழும்பு பஸ்ஸில் ஏறும் வயது இதுவே. தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும் விளம்பரம் ஹற்றன் நகரத்தில் ஒட்டப்பட்டிருக்கும், அதைப் பார்க்க வேண்டியவர் ஏற்கெனவே புறக்கோட்டையில் துணி மடித்துக்கொண்டிருப்பார்.

8. முன்மொழிவும் மறுப்புகளும்

8.1 கூட்டுபவர்

தோட்டப்புறப் பிரதேச சபை ஒவ்வொன்றுக்கும் சிறுவர், இளைஞர் சேவைகளை ஒருங்கிணைக்கும் கடமையைப் பிரதேச சபைகள் சட்டத்திலேயே எழுத வேண்டும். கூட்டுபவர் தவிசாளர். செயலாளர் பணியைப் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் செய்யலாம். தனிப்பட்ட பிள்ளையின் வழக்கு விவரம் உத்தியோகத்தர்களின் சிறு குழுவுக்குள் நிற்க வேண்டும், சபை மண்டபத்துக்கு வரக்கூடாது. சபைக்குள் வர வேண்டியவை எத்தனை முன்பள்ளி மூடிக்கிடக்கிறது, எந்த டிவிசனுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் இல்லை, எந்தப் பாதையில் பிள்ளைகள் மழைக்காலத்தில் பள்ளிக்குப் போவதில்லை போன்ற கேள்விகள்.

இதற்கு எதிரான வலுவான வாதம் கட்சி அரசியல். மலையகச் சபைகளில் தொழிற்சங்கப் போட்டி கட்சிப் போட்டியாகவும் இருக்கிறது. எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டும் குடும்பம் என்று பார்த்துச் சேவை பங்கிடப்படுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்தப் பங்கீடு இன்றும் தொலைபேசி அழைப்புகளில் நடக்கிறது. கூட்டக் குறிப்பில் ஏறினால் குறைந்தது யார் கேட்டார், யாருக்குக் கிடைத்தது என்பதாவது தெரியும்.

8.2 தோட்ட நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் கயிறு

கம்பனிகள் தனியார், அவற்றை எப்படிக் கட்டாயப்படுத்துவது என்று கேட்பார்கள். நிலம் அரசுடையது. 53 ஆண்டுக் குத்தகை 2045 வரை ஓடுகிறது. ஒவ்வொரு பிராந்தியக் கம்பனியிலும் திறைசேரியின் பெயரில் சிறப்புரிமையுள்ள பொற்பங்கு இருக்கிறது. ஒவ்வொரு தோட்டமும் பொறுப்புள்ள ஓர் உத்தியோகத்தரைப் பெயர் குறித்து நியமித்து, கூட்டத்துக்கு அனுப்பி, பிள்ளைக்காம்பரா வரவையும் குடியிருப்பு விவரத்தையும் பகிர வேண்டும் என்று நிபந்தனை வைக்க இந்தப் பங்கும் குத்தகையும் போதும். சம்பளப் பேச்சில் மட்டும் நினைவுக்கு வரும் கருவிகள் இவை.

8.3 எல்லையும் பதிவேடும்

கூட்டு வேலையின் கீழ் அலகு தோட்டத்து டிவிசனாக இருக்கட்டும். புதிதாகப் பதிவேடு தேவையில்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் தகுதியுள்ள குடும்பப் பதிவேடு உண்டு, பாடசாலையிடம் சேர்வு இடாப்பு உண்டு, பிள்ளைக்காம்பராவில் வரவுக் கொப்பி உண்டு. ஆண்டுக்கு இரண்டு தடவை இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர்களை எடுத்தாலே பாதி வேலை முடியும். தோட்டத்தில் இப்போது பெயர் பதியாமல் கைக்காசுக்கு வேலை செய்யும் குடும்பங்களும், வெளியே வேலைக்குப் போய் லயத்தில் மட்டும் குடியிருக்கும் குடும்பங்களும் பெருகிவிட்டன. செக்ரோல் எனப்படும் தோட்டத் தொழிலாளர் பட்டியலை மட்டும் நம்பினால் இவர்களின் பிள்ளைகள் விடுபடுவார்கள்.

பொருத்திப் பார்த்து எடுத்த பெயர்ப்பட்டியல் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனையில் பூட்டில் இருக்க வேண்டும். தேர்தல் காலத்தில் தவிசாளர் கேட்டாலும் துரை கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்பதை விதியாகவே எழுத வேண்டும்.

8.4 பணம்

பின்தங்கிய சபைகளின் வருமானத்தில் சம்பளமும் எரிபொருளும் போக மிஞ்சுவது சொற்பம். ஆகவே சபை புதிய உத்தியோகத்தர்களை நியமிக்க வேண்டும் என்று இக்கட்டுரை கேட்கவில்லை. ஏக்கர் வரியின் வீதத்தை இன்றைய காணிப் பெறுமதிக்கேற்பத் திருத்தி, அதில் வரும் மேலதிகத்தை டிவிசன் முன்பள்ளிகளுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் ஒதுக்கினால் தொடங்கலாம். கம்பனிகள் இதை எதிர்க்கும், தேயிலை விலையைக் காட்டும். பிள்ளைக்காம்பராவைத் தோட்டமே நடத்தும் செலவை வரியில் கழித்துக்கொள்ள இடம் வைத்தால், எதிர்ப்பின் ஒரு பகுதி பேச்சுவார்த்தையாக மாறும்.